புளியமரத்துக் கூழைக்கடா

கடலோர உப்பங்கழிகளுக்கு உரியதாகக் கருதப்படும் கூழைக்கடா, கடலை விட்டு வெகுதூரம் தள்ளி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரிலும் காணப்படுவதற்குக் காரணம், பெரிய ஆறு எதுவும் ஓடாத அவ்வூரில் முன்னோர் கரை கட்டித் தேக்கிய ஏரிகளே ஆகும். மடிவாளா, ஹெப்பாள் போன்ற ஏரிகளில் மிதப்பது புள்ளி அலகுக் கூழைக்கடா என்னும் இனம். மேல் அலகின் ஓரத்தில் மைத்துளி தெறித்தாற்போல வரிசையாக அமைந்த நீலக்கரும் புள்ளிகளே இப்பெயருக்குக் காரணம். 'கூழை' என்பது குட்டையானதைக் குறிக்கும் சொல். குறுகிய வாலும் கட்டைக் கால்களுமாகத் தரையில் தள்ளாடும் இப்பறவைக்கு அது பொருந்தும் என்றாலும், இரண்டரை மீட்டர் அகலச் சிறகை விரித்து, வெயில் ஏறியபின் மேலெழும் வெப்பக் காற்றில் அசையாமல் வட்டமிடும்போது அப்பெயர் அநியாயமாகவே தோன்றும்.

கீழ் அலகில் தொங்கும் தோற்பை மீனைச் சேமித்து வைக்கும் பை என்பது பலரின் எண்ணம். உண்மையில் அது ஓர் அரிவலை போன்றது: அலகு நீருக்குள் இறங்கியதும் கீழ்த்தாடை இருபுறமும் வளைந்து விரிய, நீரும் மீனும் ஒருசேர உள்ளே புகும், பறவை அலகைத் தாழ்த்தி நீரை வடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி மீனை மட்டும் விழுங்கும். குஞ்சுகளோ தாயின் தொண்டைக்குள் தலையை நுழைத்து, பாதி செரித்த மீனை உண்ணும்.

ஏரி இரைக்கு மட்டுமே. குஞ்சு பொரிக்கும் இடம் வேறு. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மத்தூருக்கு அருகே உள்ள கொக்கரே பெள்ளூரில், வீட்டுக் கூரைகளுக்கு மேல் கவிந்த புளியமரங்களில், மஞ்சள்மூக்கு நாரைகளோடு கலந்து இவை கூடு கட்டுகின்றன. கன்னடத்தில் 'ஹெஜ்ஜார்லே' எனப்படும் இப்பறவையை, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளாகவே அவ்வூரார் பேசுவர். இதை வெறும் பாசம் என்று மட்டும் கொள்வதற்கில்லை; மரத்தடியில் சேரும் எச்சம் வயலுக்கு நல்ல உரம், புளி விளைச்சல் குறைவதற்கு வனத்துறை ஈட்டுத்தொகையும் அளிக்கிறது. 2007-இல் அவ்வூர் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் 2017-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கூடுகட்டும் பருவத்தில், வளர்ந்த கூழைக்கடாக்கள் பல அம்மரங்களிலிருந்து செத்து விழுந்தன. அறுத்துப் பார்த்தபோது குடலில் இருந்தவை உருளைப்புழுக்கள், அதாவது மீன் வழியாகப் பறவைக்குத் தொற்றும் ஒட்டுண்ணிகள். புளியமரத்தைக் காத்த ஊராரால் தொலைவில் உள்ள நீர்நிலைகளைக் காக்க இயலவில்லை.