கால் ஊறும் நேரம்

சென்னையிலிருந்து ரயிலில் திருப்பதி போகிறவர்கள் பையை இறக்கத் தொடங்கும் ஸ்டேஷன் ரேணிகுண்டா. மும்பைக்கு, கூடூருக்கு, திருப்பதி வழியாகக் காட்பாடிக்கு என்று தடங்கள் பிரியும் ஜங்ஷன். முடி இறக்கப் போகிறவர்களும் இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்களும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்பார்கள். திருப்பதி விமான நிலையம்கூட இந்த ஊர்ப் பக்கம்தான். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ரேணிகுண்டா புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. எல்லோரும் கடந்து போகிற இந்த ஊரில் நாங்கள் தங்குவதற்காக இறங்கினோம்.

வந்தவர்கள் மலேசியாவில் ஒரு தமிழ்ச் சபையின் தன்னார்வக் குழு. ஓய்வுபெற்ற ஆசிரியை, இரண்டு எலக்ட்ரீஷியன்கள், நர்சிங் படிக்கும் ஒரு பெண், இன்னும் சிலர். திருத்தணிப் பக்கம் வளர்ந்ததால் எனக்குத் தெலுங்கு பேச வரும், மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். காளஹஸ்தி சாலையிலிருந்து விலகி, வேப்ப மரங்களுக்கு நடுவே, தொழுநோயிலிருந்து குணமான முதியவர்கள் வாழும் சிறு குடியிருப்பு. அங்கே வேலை செய்வது மட்டும்தான், பிரசங்கம் கிடையாது என்று குழுத் தலைவர் புறப்படும் முன்பே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மதப் பணிக்கு மிஷனரி விசா தனியாக இருக்கிறது, நாம் அதில் வரவில்லை என்பதில் அவர் கறாராக இருந்தார். அந்தக் கறார் எனக்குப் பிடித்தது.

கோலாலம்பூரிலிருந்து பெட்டி நிறையப் புது ரப்பர் செருப்புகள் வந்திருந்தன. குடியிருப்பைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நல்ல செருப்புதாங்க. ஆனா இவங்களுக்கு ஆகாது" என்றார். ஏன் என்று கேட்டதும் பொறுமையாக விளக்கினார். விரலிடுக்கில் மாட்டும் செருப்பைக் காலோடு பிடித்து வைப்பது கால் விரல்கள். நோயில் நரம்பு செத்த கால் அதைப் பிடிக்காது. நடுவழியில் கழன்று விழுந்தாலும் தெரியாது. முள் குத்தினாலும் தெரியாமல் அப்படியே நடந்துகொண்டிருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது பின்வார் வைத்த, உள்ளே மெத்தென்று எம்.சி.ஆர். என்னும் நுண்துளை ரப்பர் போட்ட செருப்பு. அதையும் ஆணி அடிக்காமல், ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும். கொண்டுவந்த செருப்புகளை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

விரல்கள் தானாக அழுகி விழுவதாக நம்மூரில் இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் புண்களும்தான் கை கால்களை அழிக்கின்றன என்பதை உலகத்துக்கு உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். ரேணிகுண்டாவிலிருந்து காட்பாடிக்கு ரயில் ஏறினால் வேலூர் எட்டிவிடும் தூரம். தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து 2005இன் இறுதிக்குள் ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. மருந்து கிருமியைக் கொன்றுவிடுகிறது. நீண்ட நாள் செத்துக் கிடந்த நரம்புக்கு உயிர் வருவதில்லை.

ஆகவே தினமும் கால் பார்க்க வேண்டும். காலையில் வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின்கள், அவற்றில் பச்சைத் தண்ணீர். வெந்நீர் கூடாது, சூடு தெரியாத கால் வெந்துபோகும். அரை மணி நேரம் ஊறியதும் சொரசொரப்பான கல்லால் தடித்த தோலை மெல்லத் தேய்க்கிறார்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் வெடிப்பு விடாது. பிறகு விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று ஒவ்வோர் இடமாகப் புண்ணோ முள்ளோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நர்சிங் மாணவி ஓர் அவ்வாவின் காலை மடியில் வைத்துக் குனிந்திருந்தாள். குதிகால் ஓரத்தில் கருவேல முள்ளின் நுனி. அவ்வாவுக்கு அது எப்போது ஏறியது என்றே தெரியவில்லை. "ஏ ஊரு பாப்பா நீதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், முள்ளை எடுத்தபோது முகம் சுளிக்கவில்லை.

விமான டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பியிருந்தால் எவ்வளவோ ஆகியிருக்குமே என்று இத்தகைய பயணங்களைப் பற்றிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சொந்தப் பிள்ளைகளே தொடாத காலை அரை மணி நேரம் மடியில் வைத்திருப்பதற்குப் பணவிடை கிடையாது. எங்கிருந்தோ வந்த பெண் அதைச் செய்ததை அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அதற்கும் ஒரு பலன் உண்டு என்று நம்புகிறேன். அதே சமயம், எதைக் கொண்டுவருவது, எதைச் செய்வது என்று வருகிறவர்கள் தீர்மானிக்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் சிஸ்டர்.

இந்த வட்டாரத்துக்கு வெளிநாட்டுச் சபைக்காரர்கள் வருவது புதிதல்ல. ஜெர்மனியில் ஹெர்மான்ஸ்பர்க் என்ற கிராமத்தின் போதகர் லூயி ஹார்ம்ஸ் 1849இல் ஒரு மிஷனைத் தொடங்கினார். தன் சபையாரின் காணிக்கையில் 'கண்டாசே' என்ற சொந்தக் கப்பலையே கட்டி, 1853இல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். மிஷனரிகளோடு விவசாயிகளும் கைத்தொழில் தெரிந்தவர்களும் ஏறினார்கள். அங்கேயே குடியேறுவதாகத்தான் போனார்கள். தமிழ்நாட்டில் லைப்சிக் மிஷனில் முன்பு இருந்த மிலியஸ் என்பவர், 1860களில் அதே ஹெர்மான்ஸ்பர்க் மிஷனுக்காக நாயுடுபேட்டைப் பக்கம் வந்தார். பிறகு காளஹஸ்தி, திருப்பதி என்று பணி பரவியது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் இருக்க முடியாமல் போனது. அமெரிக்க லுத்தரன்கள் பொறுப்பேற்றார்கள். 1945இல் தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை உருவானது; அதன் தலைமையகம் திருப்பதியில் இருக்கிறது. வந்தவர்கள் போனாலும் நடந்துகொண்டிருக்கிற வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கடைசி நாள் மாலை எலக்ட்ரீஷியன்கள் சிஸ்டர் காட்டிய இடங்களில் ஒயரிங் முடித்தார்கள். ஆசிரியை நோட்டுப் புத்தகத்தோடு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒருவருக்கு வருஷத்துக்கு எத்தனை ஜோடி, எம்.சி.ஆர். ஷீட் எவ்வளவு, தைப்பவருக்குக் கூலி என்ன. ஊரிலேயே ஒருவர் கால் அளவெடுத்துத் தைக்கிறார். ஷீட் வாங்கப் பணமில்லாமல்தான் வேலை நின்றிருந்தது. ஒரு வருஷத்துச் செலவைச் சபை ஏற்றுக்கொள்ளும் என்று குழுத் தலைவர் சொன்னார். "அடுத்த வருஷத்துக்கு?" என்றார் சிஸ்டர் உடனே. ஊருக்குப் போய்ச் சபைக் கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாக அவர் பதில் சொன்னார்.