நாணயத்தில் நிற்கும் காட்டெருது

வாஷிங்டன் நகரிலே, அமெரிக்கப் பாராளுமன்ற மாளிகைக்கு அருகே, காற்றும் நீரும் அரித்த குன்றுபோல ஒரு கட்டிடம் வளைந்து நிற்கின்றது. 2004 இல் திறக்கப்பெற்ற அமெரிக்க இந்தியர் தேசிய நூதனசாலை அது. அதனுள்ளே நான் நுழைந்தபோது, அதற்கு ஒரு கல்லாவது நானும் எடுத்துக் கொடுத்தவன் என்ற பெருமை உள்ளத்தில் இருந்தது. காரணம், என் சட்டைப்பையிலிருந்த வெள்ளி நாணயம்.

1913 இல் ஜேம்ஸ் ஏர்ல் பிரேசர் என்னும் சிற்பி, ஐந்து சத நாணயத்தின் ஒரு புறம் இந்தியர் முகத்தையும் மறுபுறம் காட்டெருதையும் வடித்தார். 2001 இல் அவ்வுருவங்களையே முப்பத்தெட்டு மில்லிமீற்றர் அகலமுள்ள வெள்ளி டொலரிலே பெரிதாக்கி வெளியிட்டனர். ஐந்து இலட்சமும் சில வாரங்களில் விற்றுத் தீர்ந்தன. ஒவ்வொன்றிலும் பத்து டொலர் இந்நூதனசாலைக்கென ஒதுக்கப்பட்டது.

சிற்பிக்கு மாதிரியாக நின்றது, நியூயோர்க் விலங்குச்சாலையிலிருந்த பிளாக் டயமண்ட் என்னும் எருது என்பர். 1915 இல் அதனை இறைச்சிக்கு விற்றுவிட்டனர்! அதன் உருவமோ அப்பொழுதும் கடைதோறும் கைமாறிக் கொண்டிருந்தது. சமவெளிகளிற் கோடிக்கணக்காக மேய்ந்த இவ்வினம், வேட்டையினால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில நூறாகக் குறைந்தது. அதனை உணவும் உடையும் கூடாரமுமாகக் கொண்ட குடிகள் பட்ட பாட்டை அங்கே கண்டபின், பையிலிருந்த நாணயத்தை வெளியே எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் பழம்பொருட் கடையொன்றில் பழைய ஐந்து சதம் ஒன்றை வாங்கினேன். இவ்வகை நாணயத்தில் ஆண்டுதான் முதலில் தேயும். நாணயம் சேர்ப்போர் அத்தகையதை விரும்புவதில்லை. என்னுடையதிலும் ஆண்டு இல்லை. விரலால் தடவினால் எருதின் திமில் மட்டும் தட்டுப்படுகின்றது.