மூளைக்குள்ள ஓடுற ரைஸ் மில்: ஸ்ட்ரோக் வந்தா அங்க என்ன நடக்குது?

1/ "விரதம் இருந்தா ஆட்டோஃபேஜி நடந்து மூளை தானா கிளீன் ஆகிடுமாமே டாக்டர்? ஸ்ட்ரோக் வந்தவருக்குச் சோத்தைக் குறைச்சிடலாமா?"

சாலவாக்கம் பக்கம் இப்போ இப்படியும் கேக்குறாங்க. வாட்ஸ்அப் புண்ணியம். பாதி உண்மை இருக்கறதால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். பொறுமையா படிங்க.

2/ நம்ம செல்லுக்குள்ள புரதங்கள் தினமும் பழுதாகும். பழுதானதுமேல செல் ஒரு சீட்டு ஒட்டும். அந்தச் சீட்டின் பேர் யுபிக்விட்டின். அதுவே 76 அமினோ அமிலம் கொண்ட ஒரு குட்டிப் புரதம்தான். தூணிலும் துரும்பிலும் இருக்கிற மாதிரி எல்லா செல்லிலும் இருக்கறதால அந்தப் பேர்.

3/ சீட்டு ஒட்டின புரதம் 'புரோட்டியசோம்' என்ற மெஷினுக்குள்ள போகும். துண்டு துண்டா நறுக்கப்பட்டு, அமினோ அமிலங்கள் மறுபடி பயன்படும். இதைக் கண்டுபிடிச்ச சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல்.

மெஷினுக்குள் நுழையாத பெரிய குப்பையை ஒரு பையில் கட்டி அழிப்பதுதான் ஆட்டோஃபேஜி. அதற்காக 2016இல் ஓசுமிக்கு மருத்துவ நோபல்.

4/ இதுல முக்கியமான விஷயம்: சீட்டு ஒட்டவும் நறுக்கவும் ஏடிபி வேணும். அதாவது கரண்ட்.

உடல் எடையில் 2% உள்ள மூளை, ஆக்சிஜனில் சுமார் 20% எடுத்துக்குது. சேமிப்பு கிடையாது. ரத்தக்குழாய் அடைச்சா சில நிமிஷத்துல கரண்ட் கட்.

5/ ரைஸ் மில்லை நினைச்சுப் பாருங்க. கரண்ட் போயிடுச்சு, ஆனா மூட்டை வந்து இறங்கிட்டே இருக்கு. அதே கதிதான் இங்கேயும். பழுதான புரதங்கள் ஒன்னோட ஒன்னு ஒட்டிக் கட்டி கட்டியாகுது. ரத்தம் திரும்பி வந்தாலும் தேக்கம் உடனே தீராது. சில நரம்பு செல்கள் 2-3 நாள் கழிச்சுகூட சாவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்காங்க.

6/ அப்போ மெஷினை வேகப்படுத்த மருந்து குடுத்தா சரியாகிடுமா? அவ்வளவு சுலபமில்லை. எலிகளில் புரோட்டியசோமைத் *தடுத்த* மருந்து பாதிப்பைக் குறைச்சிருக்கு, ஏன்னா வீக்கத்தைத் தூண்டுவதிலும் அதுக்குப் பங்கு உண்டு. ஆட்டோஃபேஜியும் அப்படித்தான். சில ஆய்வில் காப்பாத்துது, சில ஆய்வில் கெடுக்குது.

7/ அதனால ஸ்ட்ரோக் வந்தவரைப் பட்டினி போடாதீங்க. அதனால் குணமாகும்னு மனிதர்களில் நிரூபிக்கப்படவில்லை. விழுங்கச் சிரமப்படுறவங்களுக்கு ஏற்கனவே சத்துக் குறையும். புறா ரத்தமும் வேண்டாம்.

8/ நம்ம கையில இருக்கறது ஒன்னுதான்: கரண்டை சீக்கிரம் திரும்பக் கொண்டு வர்றது. பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்குச் சராசரி 19 லட்சம் நரம்பு செல்கள் சாகுதுன்னு 2006இல் கணக்குப் போட்டாங்க. கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்.

9/ முகம் கோணுது, கை தொங்குது, பேச்சு குழறுது. மூணுல ஒன்னு இருந்தாலும் உடனே 108.

▪ கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்னு குறிச்சுக்குங்க.
▪ வாயில தண்ணிகூட ஊத்தாதீங்க.
▪ ஆஸ்பிரின் நீங்களா குடுக்காதீங்க. அடைப்பா, ரத்தக்கசிவான்னு சிடி ஸ்கேன்தான் சொல்லும்.
▪ "விடியட்டும், பார்த்துக்கலாம்" வேண்டவே வேண்டாம். சிடி ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க.

10/ பிபி மாத்திரையை விடாம போடுங்க. 2021இல் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வருது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்"னு நிறுத்தாதீங்க. மாத்திரை போடுறதாலதான் நல்லா இருக்கீங்க.

வீட்டுல பெரியவங்க இருந்தா, 9ஆம் பதிவை மட்டுமாவது படிச்சுக் காட்டுங்க.