சோடி

குதிரையை ஏற்றிச் செல்லப் பெட்டி வாங்குவதானால் ஒரு குதிரைக்கானதை வாங்குவதா, இரண்டு குதிரைக்கானதை வாங்குவதா? மன்னார் முசலிப் பக்கத்து வயல்காரனின் மகனான எனக்கு இப்படியொரு கேள்வி வந்து சேர, இங்கிலாந்தின் யோர்க்ஷயர் வரைக்கும் நான் வரவேண்டியிருந்தது. ஊரில் உழவு மெஷினுக்குப் பின்னால் இழுபடுவதைப் பெட்டி என்போம். காருக்குப் பின்னால் இழுபடும் இதையும் எங்கள் வீட்டில் பெட்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

குதிரை மகளுடையது. மிருக வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராக வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பதினாறு வயதான பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினாள். "பொம்புளப் புள்ளைக்குக் குதிரை என்னத்துக்கு?" என்று புத்தளத்திலிருந்து ராத்தா தொலைபேசியில் கேட்டார். மகள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். அந்தக் குதிரைக்குக் கண்ணில் ஒரு நோய் வந்தது. நாற்பது மைல் தள்ளியிருக்கும் வைத்தியரிடம் அடிக்கடி கொண்டுபோகாவிட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். வாடகை வாகனத்துக்குக் கொடுத்தே அவளது சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. பெட்டி வாங்குவது தவிர்க்க முடியாததாயிற்று.

நான் இங்கு வாகன அனுமதிப்பத்திரம் பெற்றது 2004 இல். 1997 ஜனவரி 1 இற்குப் பிறகு சோதனையில் தேறியவர்கள் பாரமான பெட்டியை இழுப்பதென்றால் இன்னொரு சோதனையில் தேறவேண்டும் என்றிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது நீக்கப்பட்டு, 3,500 கிலோ வரையான பெட்டியை இழுக்கும் உரிமை எங்களுக்கும் கிடைத்தது. சட்டம் அனுமதித்துவிட்டது, ஆனால் எங்கள் கார் அனுமதிக்கவேண்டுமே! அதன் கையேட்டில் 1,800 கிலோவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்றிருந்தது.

மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். குதிரை 500 கிலோ. ஒற்றைப் பெட்டி வெறுமையாக அண்ணளவாக 750, இரட்டைப் பெட்டி 950. ஒற்றையில் ஏற்றினால் 1,250; இரட்டையில் ஒரு குதிரையை ஏற்றினால் 1,450. இரட்டையில் இரண்டு குதிரைகளை ஏற்றினால் 1,950, கார் தாங்காது. அப்படியானால் பயன்படுத்த முடியாத ஓர் இடத்துக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்பது என் வாதம். ஒற்றை இலேசானது, பெற்றோலும் குறையும், நிறுத்திவைக்க இடமும் குறைவு.

பாரத்தைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் வாப்பா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். பின்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும். முன்பாரம் கூடினால் மாடு களைத்துவிடும். காரின் கொழுக்கியிலும் இதே சங்கதிதான். முன்பாரம் போதாவிட்டால் பெட்டி பாம்பைப் போல நெளியத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற சட்டத்தின் நியாயம் எனக்கு உடனே விளங்கியது.

இடம், வலமும் உண்டு. இங்கும் எங்கள் நாட்டைப் போல இடது பக்கமாகத்தான் வாகனம் ஓடுகிறது. தண்ணீர் வடிவதற்காக வீதி ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஆகவே இரட்டைப் பெட்டியில் தனிக் குதிரையை ஏற்றினால் வலப்பக்கம் நிறுத்தவேண்டும். இரண்டானால் பாரமானது வலப்பக்கம்.

கணக்கெல்லாம் ஒற்றையின் பக்கம் இருந்தது. குதிரை மட்டும் வேறு பக்கம் நின்றது.

அறிந்தவர் ஒருவரிடம் ஒற்றைப் பெட்டியை இரவல் வாங்கி ஏற்றிப் பார்த்தோம். பலகையில் முன்கால் இரண்டையும் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தது, பின்வாங்கியது. ஒரு மணித்தியாலம் முயன்றும் அது ஏறவில்லை. விற்பனைக்கு இருந்த பழைய இரட்டைப் பெட்டியின் சொந்தக்காரர், நடுத் தடுப்பை ஒரு பக்கமாக ஒதுக்கி வாசலை அகலமாக்கிக் காட்டினார். பக்கத்தில் அவரது குதிரையும் நின்றது. எங்களுடையது மூன்றாம் முறை தானாக ஏறியது.

"வாப்பா, உள்ளுக்குப் போக அதுக்குப் பயமில்ல. தனிய நிக்கத்தான் பயம்" என்றாள் மகள்.

குதிரை கூட்டமாக வாழும் பிராணி. தனியே அனுப்பினால் கனைக்கும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும். இங்கிலாந்தில் 12 குதிரைகளைத் தனியாகவும், துணையோடும், கண்ணாடி ஒன்றைப் பக்கத்தில் பொருத்தியும் பெட்டியில் கொண்டுபோய்ப் பார்த்த ஆய்வொன்று 2009 இல் வெளியானது. உயிருள்ள துணையே சிறந்தது. அது இல்லாதபோது கண்ணாடியும் ஓரளவு பயத்தைக் குறைத்தது. தன் உருவத்தையே துணையென்று எடுத்துக்கொள்கிறது போலும்.

அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்கு 1990 ஒக்டோபர் ஞாபகம் வந்தது. விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய அந்த நாட்களில் எனக்குப் பதினான்கு வயது. வண்டியும் மாடு இரண்டும் எங்களோடு வரமுடியாதவை. ஒரு மாட்டையாவது தந்துவிட்டுப் போங்கள், பார்த்துக்கொள்கிறேன் என்று அயல் கிராமத்தவர் ஒருவர் நல்ல மனதோடுதான் கேட்டார். "சோடியப் பிரிக்க ஏலா" என்று வாப்பா இரண்டையும் அவரிடமே விட்டார். காசு வாங்கவில்லை. புத்தளத்து அகதி முகாமில் அவர் பாயைப் பற்றியோ பாத்திரத்தைப் பற்றியோ பேசியதில்லை. மாடுகளைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார், பதில் சொல்ல எங்களில் யாரும் இல்லாதபோதும்.

இதை நான் மகளிடம் சொல்லவில்லை. அவளது காசு, அவளது குதிரை, தீர்ப்பும் அவளுடையதாகவே இருக்கவேண்டும் என்று எண்ணினேன். அவள் இரட்டையைத்தான் எடுத்தாள். காசு கொடுப்பதற்கு முன் இறப்பர் விரிப்பைத் தூக்கி, அடிப்பலகை உக்கியிருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பார்த்தாள். பிரேக்கையும் டயர்களின் வயதையும் பார்த்தாள். வாப்பா வண்டி பார்க்கும்போது அச்சைத் தட்டிப் பார்ப்பது இப்படித்தான்.

இப்போது குதிரை வலப்பக்கம் நின்று வைத்தியரிடம் போய்வருகிறது. ஒரு கண் மங்கிவிட்டது, மற்றது தப்பியது. இடப்பக்கத்தில் உடையாத கண்ணாடி ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். பாரமான வாகனம் ஒன்று வாங்கும் காலம் வந்தால் அங்கே இன்னொரு குதிரை நிற்கும் என்கிறாள். அதுவரை அந்த இடம் வெறுமைதான். ஆனாலும் ஒவ்வொரு பயணத்துக்குப் பின்பும் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோலவே கழுவிவிடுகிறாள்.