மொய் நோட்டில் ஏறாத ஆறு பேர்

கல்யாணத்துக்கு வந்தவங்களுக்குத் தாம்பூலப் பை உண்டு. சமையல் மாஸ்டருக்குப் பேசின தொகையும், அதுக்கு மேல வேட்டி துண்டும் உண்டு. மேளம், போட்டோ, பந்தல், பாத்திர வாடகை எல்லாத்துக்கும் பில் இருக்கு. முதல் நாள் ராத்திரி முழுக்க காய் நறுக்குற இடத்துல காவல் நின்னு, விடியக்காலை பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் கூப்பிடப் போய், மூணாவது பந்தியில சாம்பார் வாளியோட ஓடுறாங்களே மாப்பிள்ளையோட நண்பர்கள், அவங்களுக்கு என்ன இருக்கு?

போன வைகாசியில எங்க அண்ணன் கல்யாணம். முடிஞ்ச மூணாம் நாள் அண்ணன் என் கையில 15,000 ரூபாயைக் கொடுத்துச்சு. "ஆறு பேருக்கும் ஏதாவது நல்லதா வாங்குடா. நீதான் இன்ஜினியரிங் படிக்கிற." மெக்கானிக்கல் மூணாவது வருஷத்துக்கும் கிஃப்ட் வாங்குறதுக்கும் என்ன சம்பந்தம்னு வீட்டுல கேட்க முடியாது. ஆறால வகுத்தா ஆளுக்கு 2,500. கணக்கு அதோட முடிஞ்சிடும்னு அண்ணன் நினைச்சுச்சு. அங்கதான் ஆரம்பிச்சது.

எல்லாரையும் போல நானும் முதல்ல நெட்டுலதான் தேடினேன். அமெரிக்காவுல மாப்பிள்ளைத் தோழர்களுக்குக் கொடுக்கிறதுன்னு வந்தது: பேர் பொறிச்ச சாராயக் குப்பி, பேனாக்கத்தி, கஃப் லிங்க். சட்டைக் கையை முழங்கைக்கு மேல சுருட்டி விட்டுட்டு ரசம் ஊத்தினவருக்குக் கஃப் லிங்க்! குப்பியைப் பத்தி அப்பாகிட்ட பேச எனக்குத் தைரியம் இல்ல. நம்ம ஊர் ஆன்லைன் கடைகள்ல போட்டோ போட்ட கப்பு, போட்டோ போட்ட கீ செயின், போட்டோ போட்ட தலையணை. நண்பனோட மூஞ்சியைத் தலையணையில வெச்சுத் தூங்குற ஆள் யாரும் எங்க ஊர்ல இல்ல.

யாழ்ப்பாணக் கல்யாணங்கள்ல இந்தக் குழப்பமே இல்லையாம். அங்க தோழனா நிக்கிறது பொண்ணோட சகோதரன். மாப்பிள்ளை வந்து இறங்கினதும் அவர் காலைக் கழுவி விடணும். பதிலுக்கு மாப்பிள்ளை அவர் விரல்ல மோதிரம் போடணும். நன்றி சொல்றது சடங்குக்குள்ளயே இருக்கு, யாரும் தனியா யோசிக்க வேண்டாம். எங்க பக்கம் நண்பர்களுக்குன்னு அப்படி ஒரு சடங்கு கிடையாது. ஒரே கலர் சட்டை எடுத்துக் கொடுத்தோம், மெரூன். அது கிஃப்ட்ல சேராது மக்களே, அது யூனிஃபார்ம்.

நான் பேராவூரணிப் பக்கம். எங்க ஊர்ல எதுவும் கணக்கில்லாம போகாதுங்கிறதையும் சொல்லணும். ஆடி, ஆவணியில அங்க வந்தீங்கன்னா மொய் விருந்து பார்க்கலாம். காதுகுத்து, கல்யாணம் எதுவும் இல்லாமலே பல பேர் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கிப் போட்டு மொய் வாங்குவாங்க. அந்தப் பணத்துல கடை வெச்சவங்க இருக்காங்க. வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூடப் போட்டுத்தான் செய்யணும். நோட்டுல பேர், ஊர், தொகை மூணும் இருக்கும். சாம்பார் வாளி தூக்கினதுக்கு அதுல இடம் கிடையாது.

அது நல்லதுதான்னு இப்ப தோணுது. நோட்டுல ஏறாததாலதான் அந்த வேலை நட்பா இருக்கு. நாம கொடுக்குற பொருளோட விலை கொஞ்சம் உறுத்துற மாதிரி இருந்துட்டா அதுவும் ஒரு மொய் ஆயிடும். வாங்கினவர் அடுத்த விசேஷத்துல அதைவிடக் கூடச் செய்யணும்னு கணக்குப் போட ஆரம்பிச்சிடுவார். ஆறு பேர்ல அஞ்சு பேருக்கு அது பெரிய விஷயம் இல்ல. ஆறாவது அண்ணனுக்கு அப்படி இல்ல.

அவர் குட்டி யானை ஓட்டுறார். தெரியாதவங்களுக்கு: டாடா ஏஸ் வண்டி. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல அவங்க தோப்பு மொத்தமா சாய்ஞ்சது. புதுசா நெட்டைத் தென்னை வெச்சா காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீடு ஓடணுமே, கடன்ல வண்டி எடுத்தார். கல்யாணத்துக்கு நாற்காலி, காய்கறி, வாழை இலை, தண்ணி கேன் எல்லாம் அவர் வண்டியிலதான் வந்துச்சு. மூணு நாள் வேற வாடகைக்குப் போகல. டீசல் காசு கொடுக்கப் போன அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, என்னைய டிரைவராக்குறீங்க?"ன்னு கேட்டார். அப்பா பணத்தைச் சட்டைப் பையில திரும்ப வெச்சதை நான் பார்த்தேன்.

இன்னொண்ணும் பார்த்தேன். நண்பர்கள் ஆறு பேரும் சேர்ந்து வாஷிங் மெஷின் கொடுத்தாங்க, ஆளுக்கு 3,000. இவரோட பங்கை இன்னொரு அண்ணன் போட்டார். பேர் மட்டும் ஆறு எழுதி ஒட்டினாங்க. அதைப் பத்தி அவங்களுக்குள்ள யாரும் ஒரு வார்த்தை பேசல.

இப்போ சொல்லுங்க, இவருக்கு என்ன வாங்குவீங்க? "கவர்ல 5,000 வெச்சுக் கொடுத்துடலாம்டா, அவனுக்கு இப்ப அதுதான் தேவை"ன்னு அண்ணன் சொல்லுச்சு. தேவை உண்மைதான். ஆனா கவரை வாங்கின நிமிஷத்துல மூணு நாள் ஓட்டின வண்டிக்கு வாடகை வாங்கினவர் ஆயிடுவார், அதுவும் குறைஞ்ச வாடகைக்கு. வண்டிக்கு நல்ல தார்ப்பாய் வாங்கலாமான்னு நான் ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஐப்பசி மழைக்கு உதவும், விலையும் சரியா வரும். ஆனா அதுவும் அவரோட தொழிலுக்குக் கொடுக்குறதுதானே?

அவருக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. பிள்ளைக்குன்னு கொடுக்குறதை நம்ம ஊர்ல யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. விசேஷம் எதுவும் இல்லாத நாள்ல பிள்ளை கால்ல போட்டது எந்த நோட்டுலயும் வராது. பட்டுக்கோட்டையில சின்னதா ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கினேன். 2,500க்கு மேல போச்சு.

அண்ணனையும் அண்ணியையும் நேர்ல போய்க் கொடுக்கச் சொன்னேன், சொல்லாம போங்கன்னும் சொன்னேன். புது ஜோடி வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா கோழி அடிப்பாங்க, சேலை வேட்டி எடுத்து வெப்பாங்க, மறுபடி அவருக்குச் செலவு. சாயங்காலம் நாலு மணிக்குப் போனாங்க. டீயும் முறுக்கும் கிடைச்சது. மத்த எல்லார் வீட்டு விருந்துக்கும் முன்னாடி இவர் வீட்டுக்குத்தான் முதல்ல வந்தோம்னு அண்ணி சொல்லியிருக்கு. அதைக் கேட்டதும் அவர் எழுந்து வெளியே போய் வண்டியில ஏதோ தேடிட்டு வந்தாராம். அண்ணன் எங்ககிட்ட அவ்வளவுதான் சொல்லுச்சு, நாங்களும் மேல கேட்கல.

மத்தவங்க கதை சின்னது. பந்தி பார்த்த அண்ணன் அன்னைக்கு மண்டபத்துல செருப்பைத் தொலைச்சவர். நல்ல தோல் செருப்பு வாங்கலாம்னேன். அம்மா கரண்டியோட வந்துச்சு. "குடையும் செருப்பும் கருமாதிக்குத்தான்டா தானம் கொடுப்பாங்க!" சரி, அவர் வாலிபால் ஆடுறவர், ஷூ வாங்கலாமா? அம்மா கொஞ்சம் யோசிச்சு, "கயிறு கட்டுறதுன்னா பரவாயில்ல"ன்னுச்சு. அந்தச் சட்டத்துல அப்படி ஒரு ஓட்டை.

மொய் எழுதின அண்ணனுக்கு நல்ல பேனா. மொய் மேசையில உட்கார்ந்தவருக்குப் பந்தி கிடையாது, எடுத்து வெச்ச சாப்பாட்டை மூணு மணிக்கு ஆறிப் போய்ச் சாப்பிடுவார். அதனால பேனாவைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டுல இலை போட்டு, சுடச்சுட சோறு போட்டோம். பேனர் கட்டின ரெண்டு பேருக்கும் தனித்தனியா வேட்டி சட்டை. இதுல எனக்குப் பெரிய திருப்தி இல்ல. ரெண்டு பேரையும் எனக்கு அவ்வளவா தெரியாது, தெரியாதவங்களுக்கு வேட்டிதான் பாதுகாப்பு.

மிச்சம் இருந்தது சிங்கப்பூர்ல இருந்து நாலு நாள் லீவுல வந்த அண்ணன், பங்கு போட்டவரும் அவர்தான். அங்க கிடைக்காத எதை 2,500க்கு வாங்க முடியும்? அம்மாகிட்ட விட்டுட்டேன். கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய், எள்ளு போட்ட இட்லிப் பொடி. மளிகைக் கடைத் தராசுல நிறுத்தா மூணே முக்கால் கிலோ. பெட்டியில எடை கூடிடுச்சுன்னு அவர் மெரூன் சட்டையையும் ஒரு ஜீன்ஸையும் எங்க வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டார். சட்டை எனக்குச் சரியா இருக்கு. 15,000ல மிச்சம் 640 ரூபாய், அதை அண்ணன் இன்னும் கேட்கல.