பள்ளிகொண்டா டோல்கேட் வந்தா லைட் அணைஞ்சிடும்!

ஆம்பூரில் எரியும் விளக்கு, பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் அணைந்துவிடும். கோயில் தீபம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மாமாவின் டீசல் காரில், ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் எரிகிற மஞ்சள் விளக்கு.

மாமா ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். வெட்டிய தோலை வாங்கி வந்து, தைத்து, கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். வீட்டிலிருந்து யூனிட், யூனிட்டிலிருந்து துத்திப்பட்டு, மறுபடி வீடு. எல்லாமே நாலைந்து கிலோமீட்டருக்குள். ஒன்றரை வருடத்துக்கு முன் 11 லட்ச ரூபாய்க்கு லோன் போட்டு இந்தக் காரை வாங்கினார். 'டீசல்னா மைலேஜ் சார்' என்றார்களாம். தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து விளக்கு எரிந்தது. சர்வீஸ் சென்டர் இருப்பது வேலூரில், சுமார் 50 கிலோமீட்டர். மாமா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனார். அங்கே போய் நிறுத்தினால் விளக்கு எரியவில்லை. 'வண்டி நல்லாதான் இருக்கு சார்' என்று வாட்டர் வாஷ் செய்து, பில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் மறுபடி எரிந்தது. இரண்டாவது முறை சாஃப்ட்வேர் அப்டேட், மூன்றாவது முறை ஒரு சென்சாரை மாற்றினார்கள். ஜாப் கார்டில் மூன்று முறையும் ஒரே வரிதான்: 'பரிசோதித்தோம், குறை இல்லை'.

"என்னைப் பைத்தியக்காரன்னு நினைக்கிறானுங்கம்மா" என்றார் மாமா போனில். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். காரணம் இருந்தது. அவர் மகளுக்கு, என் அக்காவுக்கு, அடுத்த மாதம் பிரசவம். வேலூர் சி.எம்.சி-யில் பதிவு செய்திருந்தார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்து, மாதனூர் தாண்டி இது நின்னுச்சுன்னா இன்னா பண்றது?" மூன்று லட்சம் நஷ்டத்துக்காவது விற்றுவிடலாம் என்று புரோக்கரிடம் பேசியும்விட்டார்.

நான்காவது முறை விளக்கு எரிந்தபோது நானும் கூடப் போனேன். கிளம்பும் முன் ஆம்பூரிலேயே ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகி, விளக்கு எரியும்போதே கோடு எடுத்தார். நான் திரையை போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு பானெட்டைத் திறந்து ஆயில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில், மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

"ஆயில் குறையும், தெரியும். கூடுமா?" என்றார் மாமா.

அந்தக் கேள்விக்குள்தான் மொத்தக் கதையும் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி. டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகள் விடலாம் என்று இருந்ததை 4.5 ஆகக் குறைத்தார்கள். அதற்காக சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்கிற வடிகட்டி வந்தது. புகையில் வரும் கரியை இது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கிட்டத்தட்ட 600 டிகிரி சூட்டில் அதை எரித்துக் காலி செய்யும். அந்தச் சூடு வர, கார் நல்ல வேகத்தில் நிற்காமல் இருபது நிமிடமாவது ஓட வேண்டும். துத்திப்பட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அது எப்படி நடக்கும்? எரிக்க ஆரம்பித்த நேரத்தில் மாமா வீட்டு வாசலில் சாவியைத் திருப்பிவிடுவார். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். அதனால்தான் ஆயில் 'கூடியது'. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டிக்கொண்டே இருந்தால் இன்ஜினுக்கே கேடு.

அறிகுறிகளும் இருந்திருக்கின்றன. நிறுத்திய பிறகும் ஃபேன் சுற்றியிருக்கிறது, மைலேஜ் இறங்கியிருக்கிறது, லேசாகக் கருகல் வாடையும் வந்திருக்கிறது. "ஆம்பூர்ல எந்த வாடை எங்கேர்ந்து வருதுன்னு யாரும்மா பாக்கறது?" என்றார் அத்தை. தோல் தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்கள் மூக்கை எப்போதோ பழக்கிவிட்டார்கள்.

மாதனூர் தாண்டும்போது 80-ல் போனோம். பாலாறு மணலும் முள்ளுமாகக் கூடவே வந்தது. டோல்கேட் பலகை தெரிந்த நேரத்தில் விளக்கு அணைந்தது. மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேலூருக்குப் போகும் பயணமே காரைச் சரிசெய்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், விளக்கு எரிந்த கார் எங்கே, எப்படி ஓடியது என்று கேட்கவும் இல்லை. நான்கு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும் என்பது என் கோபம்.

இந்தமுறை ஜாப் கார்டில் அட்வைஸர் எழுத நாங்கள் விடவில்லை. தேதி, நேரம், கிலோமீட்டர், கோடு, ஆயில் அளவு எல்லாவற்றையும் மாமா தன் கையாலேயே எழுதினார். போட்டோவைக் காட்டியதும் பேச்சு மாறியது. பழைய கோடுகள் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்தன. ஸ்கேன் ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கேட்டோம், தயங்கி, கொடுத்தார்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். வாரன்டியில் சேருமா என்றால், "சார் ஓட்டற விதம்தான் காரணம், கவர் ஆகாது" என்றார்கள்.

யார் காசு கட்டுவது என்ற கேள்விக்கு இந்த ஊர் பழையது. பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்றது. கார் விஷயத்தில் வழி இவ்வளவு நேராக இல்லை. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரன்டி சொல்வது பழுதான பாகத்தை மாற்றித்தருவதைத்தான், முழு காரையும் அல்ல என்றது அதே நீதிமன்றம். அதனால் 'புது கார் கொடு' என்று எடுத்த எடுப்பில் சண்டைபோடுவதில் பயனில்லை. ஆனால், ஓட்டும் விதத்தைக் கேட்காமல் விற்றதும், மூன்று முறை காரணம் தேடாமல் அனுப்பியதும் சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். தேவைப்பட்டால் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தொழிலுக்குப் பயன்படுத்துகிறீர்களே என்று எதிர்த்தரப்பு கேட்கும். சொந்த உழைப்பில் பிழைக்க மட்டும் வாங்கியது என்றால் சட்டம் விலக்கு தருகிறது. அதற்கு முன்னால் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதியலாம். மாமா பதிந்திருக்கிறார். டீலருக்குப் பதிவுத் தபாலில் கடிதமும் போயிருக்கிறது. பதில் வரவில்லை. வழக்கா, விட்டுவிடுவதா என்று வீட்டில் இரண்டு கட்சி.

கார் விற்கப்படவில்லை. அக்காவுக்கு வலி எடுத்தது பட்டப்பகலில், காரும் ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தது, பெண் குழந்தை. இப்போது ஞாயிறு காலை மாமாவும் அத்தையும் ஹைவேயில் ஏறி விரிஞ்சிபுரம் வரை போய்வருகிறார்கள். அங்கே மார்க்கபந்தீஸ்வரருக்கு 'வழித்துணைநாதர்' என்று பெயர். டி.பி.எஃப்-புக்கு இருபது நிமிடம், சாமிக்கு அரை மணி நேரம் என்று அத்தை கணக்கு வைத்திருக்கிறார். திரும்பும்போது ஆம்பூர் பிரியாணி பார்சல், கத்திரிக்காய் தனியாக.