யார் யார் பார்க்கலாம்?

எங்கள் ஊரில் வீடியோ ஏற்றுவதற்கென்று ஒரு பாறை இருக்கிறது. பகலில் அதன்மேல் புளி காயும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நான் உட்கார்ந்திருப்பேன். மடியில், பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். பக்கத்தில் ஹாட்ஸ்பாட் போட்ட போன். திருப்பத்தூர் பக்கமாகத் திருப்பி வைத்தால் இரண்டு கோடு, கல்லின் மேல் ஏற்றி வைத்தால் மூன்று. 37 சதவீதத்தில் நின்றுபோகும். பாதியில் அறுந்தாலும் பயமில்லை, 24 மணி நேரத்துக்குள் அதே ஃபைலை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து யூடியூப் பிடித்துக்கொள்ளும். இது தெரிவதற்குள் மூன்று ராத்திரிகளை வீணாக்கியிருந்தேன்.

ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்துப் பக்கம் இருப்பது புதூர்நாடு. அக்கம்பக்கத்தில் புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. பேரில் மட்டும் மூன்று நாடுகள், சிக்னலுக்கு ஒரு பாறை.

2021இல் கொரோனாவால் கல்லூரி மூடிக் கிடந்தபோது ஊருக்கு வந்தேன். அந்த ஜூலையில்தான் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டியது. தமிழில் அதுதான் முதல். 2018இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஆரம்பித்தது. அவர்களுக்குத் தாத்தா, எனக்கு ஆயா. அவர்களுக்கு வயல், எனக்கு மலை. கணக்கு அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

ஆயா சாமை குத்துவதை எடுத்தேன். உரலில் போட்டு, குத்தி, முறத்தில் புடைத்து, உமி போக்கி, சோறாக்குவது வரை பன்னிரண்டு நிமிடம். பாறையில் உட்கார்ந்து ஏற்றும்போது, ஒவ்வொரு சதவீதத்துக்கும் காத்திருக்கிற நேரத்தில், படிக்கக் கிடைத்தது செட்டிங்ஸ் பக்கம் மட்டும்தான். அதிலிருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ரகசியம் உண்டு, சரியாக டிக் அடித்தால் சேனல் வளர்ந்துவிடும் என்று நம்பினேன்.

முதல் கேள்வியிலேயே சறுக்கினேன். 'இது குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்டதா?' ஆயா சோறாக்குவதில் குழந்தைகள் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது? 'ஆம்' என்று போட்டேன். ஆறு மாதம் ஒரு கமென்ட்கூட வரவில்லை. யாருக்கும் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, 'ஆம்' என்று போட்டால் கமென்ட் பகுதியே மூடிவிடும். புது வீடியோ வந்தால் சொல்லும் மணி அடிக்காது, கடைசியில் அடுத்த வீடியோவைக் காட்டும் அட்டை வராது. அந்தக் கேள்வி கேட்பது 'குழந்தைகள் பார்க்கலாமா' என்று அல்ல, 'குழந்தைகளை நோக்கி எடுத்ததா' என்று. 2019 செப்டம்பரில், குழந்தைகளின் தகவல்களைச் சேகரித்த வழக்கில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாகத்தான் வீடியோ போடுகிற ஒவ்வொருவரையும் இந்தக் கேள்வி கேட்கிறார்கள். எங்கேயோ போட்ட அபராதம் எங்கள் பாறை வரை வந்து ஆயாவின் வாசலைச் சாத்தியிருந்தது.

அடுத்தது டேக். 'மலையாளி சமையல்' என்று போட்டேன். நாங்கள் மலையாளிகள்தான். மலையை ஆள்கிறவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பழங்குடி, கேரளத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. இது யூடியூபுக்குத் தெரியுமா? அவியலும் புட்டும் எதிர்பார்த்து வந்தவர்கள் சாமைக் களியைப் பார்த்துவிட்டுப் பத்தாவது நொடியில் போய்விட்டார்கள். தலைப்பிலும் அதே வார்த்தை இருந்ததுதான் வினை. டேக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. எழுத்துப்பிழையோடு தேடப்படுகிற பேர்களுக்குத்தான் டேக் உதவும், மற்றபடி அதன் பங்கு ரொம்பக் குறைவு என்று யூடியூபே எழுதி வைத்திருக்கிறது. நான் ஒவ்வொரு வீடியோவுக்கும் நாற்பது டேக் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உபயோகமாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. ஏற்றியவுடனே பப்ளிக் என்று போடக் கூடாது. முதலில் மங்கலான தரத்தில்தான் தயாராகும், தெளிவான படம் வர நேரமாகும். அதுவரை பிரைவேட்டில் வைத்திருந்து, காலையில் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் வருகிறவர்கள் ஆயாவைப் பனிமூட்டத்தில்தான் பார்ப்பார்கள்.

கமென்ட் திறந்த பிறகு ஆயாவுக்குச் சாயங்காலத்தில் ஒரு வேலை வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து கேட்பார்: "இன்னாடா சொல்றாங்க?" ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிப்பேன். "மதுரையிலிருந்து ஒருத்தர், எங்க அம்மா ஞாபகம் வருதுன்னு போட்டிருக்கார்." ஆயா தலையாட்டுவார். "அந்தம்மா உயிரோட இருக்காங்களா, கேளு."

பிறகு ஒரு ஷார்ட்ஸ் போட்டேன். 48 நொடி. ஆயா உலக்கையைக் கை மாற்றி மாற்றிக் குத்துவது மட்டும். ஒரே வாரத்தில் 2 லட்சம் பேர் பார்த்தார்கள். நான் பாறைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஆயா ரவிக்கை போடுவதில்லை. அவர் வயதுக்காரர்கள் சிலர் இப்போதும் அப்படித்தான், சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேலை பார்ப்பார்கள். எங்களுக்கு அது கண்ணில் படுகிற விஷயமே இல்லை. அந்த 2 லட்சம் பேரில் கொஞ்சம் பேருக்கு அது மட்டும்தான் கண்ணில் பட்டது. 'காட்டுவாசி' என்று ஒருவர். ஜாக்கெட்டுக்குக் காசு அனுப்பவா என்று ஒருவர், சிரிக்கிற பொம்மைகளோடு. இன்னும் சில, எழுத முடியாதவை.

அன்று சாயங்காலமும் ஆயா கேட்டார். நல்லதாக நாலைப் பொறுக்கி வாசித்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், எட்டாவது படிக்கிற மாமா பொண்ணு என் கையிலிருந்து போனை வாங்கி, தடுப்பதற்குள் ஒன்றைச் சத்தமாகப் படித்துவிட்டாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கேமராவை வைத்தேன். ஆயா ரவிக்கையோடு வந்து நின்றார். யாரோ கல்யாணத்துக்குத் தைத்தது, கக்கத்தில் பிடித்தது. உலக்கையைத் தூக்கினார், பாதிக்கு மேல் கை போகவில்லை. மறுபடி தூக்கினார். மூன்றாவது குத்தில் தையல் விட்டது. நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

அன்று ராத்திரி அந்த ஷார்ட்ஸை பிரைவேட் ஆக்கினேன். 2 லட்சமும் போயிற்று. நல்ல காரியம் செய்த நிம்மதியில் ஆயாவிடம் சொன்னேன், "எடுத்துட்டேன் ஆயா."

"ஏன்டா? நான் இன்னா திருடினனா?"

பதில் இல்லை என்னிடம். போட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. நடுவில் எதைக் காதில் போடுவது என்பதையும் நானே முடிவு செய்திருந்தேன். ஆயாவின் முகத்துக்கு நானே ஒரு செட்டிங்ஸ் பக்கம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் லேப்டாப்பை அடுப்படிக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் கேட்டேன்.

"யார் யார் பாக்கலாம்?"

"எல்லாரும் பாக்கட்டும்."

"கமென்ட்?"

"வர்றவன் வாசல்ல நிக்கட்டும். ஆளப் பாத்துட்டுத் திண்ணைல உக்கார வை." இதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. எல்லா கமென்ட்டையும் நிறுத்தி வைத்து, நாம் பார்த்த பிறகு வெளியிடுவது.

"எந்த இடம்னு போடட்டுமா? வழி கேக்கறாங்க, லீவுல வர்றாங்களாம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊரு பேரு சொல்லு. ஓடையச் சொல்லாத."

கடைசியாக அந்த 48 நொடியைக் காட்டினேன். ஆயா அதுவரை அதைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு தரம் போடச் சொன்னார். "கை நல்லா ஓடுது," என்றார். "போடு."

திரும்பவும் பப்ளிக் ஆக்கினேன். பழைய வேகம் வரவில்லை. நீள வீடியோக்கள் வழியாக விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். முதலாவது தாண்டிவிட்டது, இரண்டாவது தூரத்தில் இருக்கிறது. கமென்ட்களை வடிகட்ட தினமும் அரை மணி நேரம் போகிறது. வடிகட்டியதையும் ஆயா சில நாள் கேட்பார். "திட்டினவன் இன்னிக்கு வந்தானா?" வந்திருந்தால் வந்தான் என்று சொல்கிறேன்.

ரவிக்கை மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது. இதை எழுதும்போதும் பாறையில்தான் இருக்கிறேன். தேன் பற்றி ஒரு வீடியோ, 37இல் நிற்கிறது. கீழே வீட்டு வாசலிலிருந்து குரல் கேட்கிறது.

"ஏறிடுச்சாடா?"